பாட்டுத் தட்டின் கதை – 19: பெயரை மறைத்து விற்றவர்களும் பெயரை மறைத்துச் சிரித்தவர்களும்

1977இன் கடைசியில் திறந்த பொருளாதாரம் வந்தது. அதன் பின்னாலேயே கசெட் ரெக்கோடரும் மலையேறியது என்பதைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அடுத்த சில ஆண்டுகளில் மலையக நகரங்கள் எங்கும் 'ரெக்கோடிங் பார்' முளைத்தது. மாத்தளையும் அதற்கு விலக்கல்ல. சம்பளம் வாங்கிய கையோடு இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நகருக்கு இறங்குகிறவர்களின் சட்டைப் பையில் சாமான் துண்டோடு பாட்டுத் துண்டும் இருந்தது. அறுபது நிமிடக் கசெட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழு பாட்டு தாராளமாகப் போகும். எட்டாவதை வற்புறுத்திக் கேட்டால் சரணத்தின் நடுவே நாடா தீர்ந்துவிடும். இரண்டு பக்கங்களையும் நிரப்பி, அட்டையில் பாட்டுகளின் முதல் அடிகளைப் பேனையால் எழுதிக் கொடுப்பார்கள். கேட்பவரே தெரிந்தெடுத்து, கடைக்காரர் பதிந்து கொடுத்த தொகுப்பு அது.

இதே வேலையைக் கொம்பனிகள் கையில் எடுத்தபோது என்ன நடந்தது, அதைப் பார்த்த ரொக் குழுக்கள் ஏன் வாய்விட்டுச் சிரித்தன என்பதுதான் இந்த அத்தியாயம். அதற்குக் கனடாவுக்கும் லண்டனுக்கும் நியூயோர்க்குக்கும் கொஞ்ச நேரம் போய்வர வேண்டும்.

வாணலி விற்றவரின் தட்டு

பிலிப் கைவ்ஸ் 1929இல் கனடாவின் சஸ்கட்சுவான் மாகாணத்தில் பிறந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வீடு வீடாகப் பாத்திரம் விற்றவர். 1960களின் தொடக்கத்தில், ஒட்டாத வாணலியைத் தொலைக்காட்சியில் காட்டி விற்கலாம் என்று கண்டுபிடித்தார். காய்கறி வெட்டும் கருவி, தூசு துடைக்கும் தூரிகை என்று சாமான்கள் தொடர்ந்தன. 1966இல் அதே முறையில் ஒரு பாட்டுத் தட்டை விற்றுப் பார்த்தார்: இருபத்தைந்து நாட்டுப்புறப் பாடகர்கள், இருபத்தைந்து வெற்றிப் பாடல்கள், ஒரே தட்டு. அடுத்து வந்த போல்கா நடனப் பாடல் தொகுப்பு பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. வின்னிபெக் நகரிலிருந்த அவருடைய கே-டெல் கொம்பனி 1970களில் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்டது.

கே-டெல் தட்டின் சிக்கல் கணக்கிலேயே இருந்தது. ஒரு எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடினால் ஒலி நன்றாக இருக்கும். பக்கத்துக்குப் பத்து, பதினொரு பாட்டு என்றால் முப்பது நிமிடம் தாண்டிவிடும். அவ்வளவையும் அடைக்க வேண்டுமானால் தட்டின் வரிகள் நெருங்க வேண்டும்; வரிகள் நெருங்கினால் ஒலி மெலியும். ஆகவே பாட்டின் மேல் கை வைத்தார்கள். முன்னிசை குறைந்தது, ஒரு சரணம் காணாமற் போனது, முடிவு வருமுன்பே குரல் தேய்ந்து மறைந்தது. அட்டையிலும் விளம்பரத்திலும் மட்டும் ஒரு வாசகம் கொட்டை எழுத்தில் நின்றது: அசல் பாடல்கள், அசல் பாடகர்கள்.

அப்படி உரத்துச் சொல்ல வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது? அசல் அல்லாதவை அதைவிட மலிவாகக் கடையில் தொங்கியதால்தான்.

முதலிடம் பிடித்த போலி

பாட்டை எழுதியவருக்கு ஓர் உரிமை, அதைப் பதிந்த ஒலிக்கு வேறோர் உரிமை என்று சட்டம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பாட்டு ஒருமுறை தட்டாக வெளிவந்துவிட்டால், எழுதியவருக்குச் சேர வேண்டிய நிர்ணயித்த பங்கைக் கொடுத்துவிட்டு எவரும் அதை மறுபடி பாடிப் பதியலாம் என்று பிரித்தானியாவின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்தது. புகழ்பெற்ற பாடகரின் ஒலிப்பதிவை வாங்கினால் செலவு. அவரைப் போலவே பாட ஒருவரைக் கூலிக்கு அமர்த்தினால் மிச்சம்.

பிக்விக் கொம்பனியின் 'ஹோல்மார்க்' முத்திரையில் 1968இல் தொடங்கிய 'டொப் ஒஃப் த பொப்ஸ்' வரிசை இந்தக் கணக்கில்தான் எழுந்தது. அது பி.பி.சி.யின் புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பெயர். நிகழ்ச்சிக்கும் தட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, பி.பி.சி. பெயரைப் பதிவு செய்து வைக்கவில்லை, பிக்விக் எடுத்துக்கொண்டது. சில கிழமைகளுக்கு ஒரு தொகுதி வீதம் 1985 வரை தொண்ணூறுக்கும் மேற்பட்ட தொகுதிகள் வந்தன. அட்டையில் சிரிக்கும் ஓர் அழகியும் பாடல்களின் பட்டியலும் இருக்கும். பாடியவர் யார் என்று தேடினால் கிடைக்காது.

பாடியவர்கள் கூலிக்கு வந்த ஸ்டூடியோக் கலைஞர்கள். வானொலியில் கேட்டு, இசைக்குறிப்பு எழுதி, ஒரே நாளில் பல பாட்டுகளை முடித்துக் கொடுப்பார்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எல்டன் ஜோன் 1969-70 காலத்தில் இப்படிப்பட்ட மலிவுத் தட்டுகளில் பாடிச் சம்பாதித்தவர். அந்தப் பதிவுகள் பல ஆண்டுகள் கழித்து அவருடைய பெயரைச் சொல்லியே விற்கப்பட்டன. 1976இல் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த டீனா சார்ல்ஸும் இதே பாசறையிலிருந்து வந்தவர்தான். அன்று அவர்களுடைய பெயருக்குச் சந்தையில் ஐந்து சதப் பெறுமதி இல்லை.

1971 ஓகஸ்டில் யாரும் எதிர்பாராதது நடந்தது. இதே வகையைச் சேர்ந்த 'ஹொட் ஹிட்ஸ்' வரிசையின் ஆறாம் தொகுதியும், 'டொப் ஒஃப் த பொப்ஸ்' பதினெட்டாம் தொகுதியும் பிரித்தானிய அல்பப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தன. பெயரே இல்லாத பாடகர்கள் பெயருள்ள நட்சத்திரங்களை முந்திவிட்டார்கள். தட்டுக் கொம்பனிகள் முகம் சுளித்தன. 1972 தொடக்கத்தில் மலிவு விலைத் தட்டுகளை முதன்மைப் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

ஆலையின் உள்ளே லூ ரீட்

இதே பிக்விக்கின் அமெரிக்கக் கொம்பனியில், நியூயோர்க் குவீன்ஸ் பகுதியில், 1964-65இல் ஓர் இளைஞர் சம்பளத்துக்குப் பாட்டெழுதினார். பெயர் லூ ரீட். கடற்கரைப் பாட்டு சந்தையில் ஓடினால் பத்துக் கடற்கரைப் பாட்டு, கார்ப் பந்தயப் பாட்டு ஓடினால் பத்துக் கார்ப் பாட்டு என்று எழுதித் தள்ளுவது அவருடைய வேலை. பாடுவதும் வாசிப்பதும் அதே நாலைந்து பேர். தட்டு வெளியே போகும்போது ரஃப்நெக்ஸ், பீச்நட்ஸ் என்று பாட்டுக்கொரு குழுப் பெயர் ஒட்டப்படும். வாங்குபவர் பல குழுக்களின் தொகுப்பு என்று நினைத்துக் காசு கொடுப்பார்.

அங்கேதான் லூ ரீட் 'ஒஸ்ட்ரிச்' என்றொரு பாட்டைப் பதிந்தார். கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே சுரத்துக்குச் சேர்த்து வைத்துக்கொண்டு, அன்றைய புதுப்புது நடன மோகங்களைக் கிண்டல் செய்யும் பாட்டு. பாடியவர்கள் 'பிரிமிட்டிவ்ஸ்' என்று தட்டில் போட்டார்கள். அப்படி ஒரு குழுவே கிடையாது. பாட்டு ஓடக்கூடும் என்று தெரிந்ததும் மேடையில் காட்ட அவசரமாக ஆள் பிடித்தார்கள். வேல்ஸிலிருந்து மேற்கத்தேய சாஸ்திரிய இசை படிக்க வந்திருந்த ஜோன் கேல் அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர். ஒரே சுரத்தை நீட்டி நீட்டி ஆராயும் இசைஞர்களோடு அவர் ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தார். மலிவுத் தட்டு ஆலையில் வேடிக்கைக்கு ஒருவர் அதையே செய்கிறாரே என்று வியந்துபோனார். இருவரும் சேர்ந்ததன் விளைவு 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்'. அவர்களுடைய முதல் அல்பம் 1967இல் வந்தது. ரொக் இசை வரலாற்றின் மிகக் கறாரான குழுக்களில் ஒன்று, போலித் தொகுப்பு ஆலையில் பதிந்த ஒரு கேலிப் பாட்டின் வழியாகப் பிறந்தது.

பல முகமூடிகள்

லூ ரீட் ஆலைக்குள் இரகசியமாகச் செய்ததை, 1968இல் கலிபோர்னியாவின் டர்டில்ஸ் குழு வெளிச்சத்தில் செய்தது. 'பேட்டில் ஒஃப் த பேண்ட்ஸ்' என்ற அல்பம், பெயருக்கேற்ப, பல குழுக்கள் மோதும் போட்டி என்ற தோற்றத்தில் வந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கற்பனைக் குழு, ஒரு தனிப் பாணி. அட்டையை விரித்தால் டர்டில்ஸ் உறுப்பினர்களே வேடத்துக்கு வேடம் மாறி நிற்கும் படங்கள். பாடியவர்கள் எல்லாருமே நாங்கள்தான் என்று அட்டையே சொல்லிவிடுகிறது.

இதில் இன்னொரு குறும்பும் உண்டு. முந்தைய ஆண்டு பெருவெற்றி பெற்ற தங்கள் பாட்டைப் போலவே இன்னொன்று வேண்டும் என்று தட்டுக் கொம்பனி குழுவை நச்சரித்தது. எரிச்சலடைந்த குழுவின் பாடகர் ஹாவர்ட் கெய்லன், அந்தப் பாட்டையே கேலி செய்து, வேண்டுமென்றே அசட்டுத்தனமான வரிகளோடு 'எலனோர்' என்ற பாட்டை எழுதிக் கொடுத்தார். கொம்பனிக்குக் கேலி உறைக்கவில்லை. பாட்டு அமெரிக்கப் பட்டியலில் ஆறாமிடம் வரை போனது. தன்னைத் தானே நகல் எடுக்கச் சொன்ன கொம்பனிக்கு நகலின் கேலியைக் கொடுத்து, அதிலும் ஒரு வெற்றியைக் கண்டுவிட்டது குழு.

நாற்பது பாட்டு, நாற்பது நிமிடம்

இந்தக் கேலியை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்கள் சான் பிரான்சிஸ்கோவின் 'ரெசிடென்ட்ஸ்'. கோட்டும் உயரத் தொப்பியும் அணிந்து, தலைக்குப் பதிலாக ஒரு பெரிய கண்விழியை மாட்டிக்கொண்டு நிற்கும் நால்வரின் படத்தை இசை இதழ்களில் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் ஒரு பெரிய கொம்பனிக்கு ஒலிநாடா அனுப்பியபோது அனுப்புநர் பெயர் எழுதவில்லையாம். நிராகரித்துத் திருப்பியவர் உறையில் 'இங்கு வசிப்போருக்கு' என்ற பொருளில் 'ரெசிடென்ட்ஸ்' என்று முகவரியிட, அதுவே குழுவின் பெயராகிவிட்டது. அவர்களே சொல்லிக்கொண்ட கதை இது. பாடுகிறவர் யார், வாசிக்கிறவர் யார் என்பதைப் பல தசாப்தங்கள் வெளியிடாமலே வைத்திருந்தார்கள்.

1976இல் வந்த அவர்களுடைய ஒரு தட்டு, அறுபதுகளின் வெற்றிப் பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நசுக்கி, இரண்டு பக்கங்களுக்கு இரண்டு நீண்ட துண்டுகளாக ஆக்கியது. தொலைக்காட்சியில் நெளியும் தொகுப்புத் தட்டுகளின் கொடூர வடிவம் என்று அதைச் சொல்லலாம். 1980இல் வந்த 'கொமர்ஷல் அல்பம்' அதைவிடக் கூர்மையானது. அமெரிக்க வானொலிகளின் முதல் நாற்பது பாடல் வரிசையை மனதில் வைத்து நாற்பது பாட்டுகள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். அட்டைக் குறிப்பில் அவர்கள் தந்த விளக்கம் நிதானமான கணக்கு: பொப் பாட்டு மூன்று நிமிடம் ஓடுகிறது, உள்ளே இருப்பது ஒரு சரணமும் ஒரு பல்லவியும், மும்முறை திரும்பி வருகின்றன. மிச்சத்தைக் கழித்தால் ஒரு நிமிடம். விளம்பரப் பாட்டின் நீளமும் அதுதான். முழுப் பாட்டுத்தான் வேண்டும் என்கிறவர் ஒரே துண்டை மூன்று முறை போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்!

கே-டெல் கொம்பனி இடம் போதாமல் பாட்டை வெட்டியது. ரெசிடென்ட்ஸ் வெட்டுவதையே கலையாக்கினார்கள். பிறகு செய்ததுதான் உச்சம். சான் பிரான்சிஸ்கோவின் கே.எஃப்.ஆர்.சி. வானொலி முதல் நாற்பது பாடல்களைப் போடும் நிலையம். ரெசிடென்ட்ஸ் போன்றவர்களுக்கு அங்கே இடம் கிடைக்காது. அவர்கள் விளம்பரப் பிரிவுக்குப் போய்க் காசு கட்டி நாற்பது ஒரு நிமிட விளம்பர நேரங்களை வாங்கினார்கள். மூன்று நாட்களில் அல்பம் முழுவதும் அந்த நிலையத்தில் ஒலித்து முடிந்தது. அது விளம்பரமா கலையா என்று வணிக இசை இதழான 'பில்போர்ட்' கேள்வி எழுப்பியது.

மறுபுறம் இங்கிலாந்தில், மேடை நகைச்சுவைக் குழுவான 'ஹீ பீ ஜீ பீஸ்' 1981இல் '439 கோல்டன் கிரேட்ஸ்' என்று ஓர் அல்பம் போட்டது. இருபது பொன்னான வெற்றிகள், நாற்பது பொன்னான வெற்றிகள் என்று எண்ணிக்கையைக் காட்டி விற்ற தொகுப்புகளுக்குப் பதிலாக 439. உள்ளே இருந்தவை பீ ஜீஸ் தொடக்கம் அன்றைய பிரபலங்களின் பாணியைப் பழித்துக்காட்டும் பாடல்கள். பழித்துக்காட்டிய குரல்கள், மலிவுத் தட்டுக்காரர் கூலிக்கு அமர்த்தியிருந்தால் தாராளமாக வேலை கிடைத்திருக்கக்கூடிய குரல்கள்.

இதைக் கவனிக்க வேண்டும். பிறரைப் போலப் பாடுவது இரண்டு பக்கத்திலும் ஒன்றுதான். பிக்விக் ஆலையில் நாலைந்து பேர் பத்துப் பெயரில் பாடினார்கள்; டர்டில்ஸும் அதையே செய்தார்கள். ஹோல்மார்க் பாடகர்களுக்குப் பெயர் இல்லை, ரெசிடென்ட்ஸுக்கும் இல்லை. திறமையிலோ தந்திரத்திலோ வேறுபாடு கிடையாது. வாங்குபவருக்கு உண்மை தெரியுமா என்பதிலும், பெயரை மறைத்தது பாடியவரா முதலாளியா என்பதிலுமே வேறுபாடு. போலி, கேட்பவரை ஏமாளியாகக் கருதுகிறது. கேலி, அவரைக் கூட்டாளியாக்குகிறது.

நம் பக்கத்தில் பெயரின் கதை

தெற்காசியாவிலும் பெயருக்கான இழுபறி நடந்திருக்கிறது. 1949இல் வெளிவந்த 'மஹல்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாட்டுக்குத் தட்டில் பாடகராகப் போடப்பட்டிருந்த பெயர் காமினி. அது படத்தின் கதாபாத்திரம். பாடியவர் லதா மங்கேஷ்கர். நேயர்கள் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே அவர் பெயர் வானொலியில் வந்தது. 1952இல் அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடலை ஒதுக்க, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுப் பாட்டைப் போடும் பழக்கத்தை எஸ்.பி. மயில்வாகனம் முதல் பி.எச். அப்துல் ஹமீத் வரை நம் அறிவிப்பாளர்கள் கலையாகவே வளர்த்தார்கள். லயத்தில் பிறந்து பள்ளிக்கூடம் போகாதவர்கள்கூட, பாட்டு தொடங்கியதும் பாடியவரையும் எழுதியவரையும் சொன்னார்கள் என்றால் அந்தக் கல்வி வானொலியில் கிடைத்தது.

மெட்டைக் கடன் வாங்கி உண்மையைச் சொல்வதும் மலையகத்துக்குப் புதிதல்ல. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், இந்தியத் தொழிலாளரின் இலங்கை வாழ்க்கை நிலைமையைப் பாட்டுகளாக எழுதி 1940இல் சிறு நூலாக வெளியிட்டார். சனங்களுக்கு ஏற்கனவே தெரிந்த மெட்டுகளில் அவை அமைந்தன. கூட்டங்களில் அவரே பாடினார். மெட்டு ஊருக்குத் தெரியும், சொல் யாருடையது என்பதும் தெரியும். எதையும் மறைக்காத கடன் அது. மாத்தளைப் பக்கம் உள்ளிட்ட தோட்டங்களில் கொழுந்து பறித்தபடி பாடிய பாட்டுகளுக்கோ பெயரே இல்லை, எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தது அவற்றைத்தான். எல்லாருடையதும் ஆனதால் அங்கே பெயர் தேவைப்படவில்லை. பெயர் இல்லாமற் போவதற்கும் பெயரைப் பிடுங்குவதற்கும் இடையே உள்ள தூரத்தை மலையகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் இந்தியாவில் குல்ஷன் குமாரின் டி-சீரிஸ், சட்டம் விட்டிருந்த இடைவெளியைப் பயன்படுத்தி, பழைய வெற்றிப் பாடல்களைப் புதிய குரல்களில் பதிந்து மலிவுக் கசெட்டாகக் குவித்தது. ஹோல்மார்க் செய்த அதே வேலைதான். ஆனால் அந்தக் குரல்களில் சில பின்னர் தம் பெயரிலேயே புகழ் பெற்றன. நம் நாட்டில் பொப் இசை அலையில் ஏ.ஈ. மனோகரன் புகழாக்கிய 'சுராங்கனி' 1977இல் தமிழ்த் திரைக்கும் போனது. பாடிக் களித்தவர்களில் பலருக்கு அதன் இலங்கை வேர் தெரியாது. சிங்களத்தில் 1970இல் மொரட்டுவையில் தொடங்கிய ஜிப்சீஸ் குழுவும் அதன் பாடகர் சுனில் பெரேராவும் அரசியலையும் சமூகத்தையும் பைலா மெட்டில் கிண்டலடித்தார்கள். ஆனால் தொகுப்புத் தட்டையே கேலி செய்த அல்பம் எதுவும் நம் பக்கத்துப் பொப் இசையின் பெரிய கதையில் இடம்பெறவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமல்ல. கே-டெல் தொகுப்பை ஒரு முதலாளி அமைத்தார், அதனால் கேலிக்கு ஓர் இலக்கு இருந்தது. மாத்தளையின் ரெக்கோடிங் பாரில் தொகுப்பை அமைத்தவர் வாடிக்கையாளர். தன் பாட்டுத் துண்டைத் தானே கேலி செய்ய யாருக்கு மனம் வரும்?

பழைய தந்திரம், புதிய கடை

கதை முடிந்துவிடவில்லை. 2024 மார்ச்சில் சுவீடனின் 'டாகன்ஸ் நிஹீட்டர்' நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. ஜொஹான் ரோர் என்ற ஒரே இசையமைப்பாளர் 650க்கும் மேற்பட்ட கலைஞர் பெயர்களில் ஸ்பொட்டிஃபையில் இசை வெளியிட்டிருக்கிறார். அவை 1,500 கோடித் தடவைக்கு மேல் கேட்கப்பட்டுள்ளன. தூங்குவதற்கு, படிப்பதற்கு, ஓய்வெடுப்பதற்கு என்று அடுக்கிவைத்த பட்டியல்களுக்குள் அவை புகுந்திருந்தன. கேட்டவர்கள் நூற்றுக்கணக்கான கலைஞர்களைக் கேட்பதாக நினைத்தார்கள். 1965இல் குவீன்ஸ் ஆலையில் நாலைந்து பேர் பத்துப் பெயரில் செய்ததை இன்று ஒருவர் அறுநூற்றைம்பது பெயரில் செய்ய முடிகிறது. அட்டையில் அழகியின் படம்கூடத் தேவையில்லை.

இப்போது கைபேசியில் யாரோ அடுக்கிய பட்டியலை அழுத்திவிட்டுக் கேட்கிறோம். ரெக்கோடிங் பாரில் துண்டு எழுதிக் கொடுத்தவரிடம் இருந்த அதிகாரம் நம்மிடம் இல்லை. இலங்கை வானொலி நேயருக்குக் கிடைத்த தகவலும் இல்லை. ஆகவே கேலிக்கு இலக்கு மறுபடி வந்துவிட்டது. டர்டில்ஸும் ரெசிடென்ட்ஸும் தம் காலத்துக் கடையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, நம் காலத்துக் கடைக்கு இன்னும் கடனாக நிற்கிறது. தமிழில் ஒரு குழு அதை எடுத்துச் செய்யுமானால், அட்டையில் பாடியவர் பெயர்களைக் கொட்டை எழுத்தில் போடட்டும்; இந்தக் கடையில் அதைவிடப் பெரிய குறும்பு இருக்க முடியாது.

(அடுத்த இதழில்: கசெட்டை வென்ற சீடி – மலையக நகரங்களின் ரெக்கோடிங் பார்கள் மூடிய காலம்)